கிமோனோ அலுமாரிக்குள் போனது எப்படி?

1925ஆம் ஆண்டு கோடைகாலத் தொடக்கத்தில் கோன் வஜிரோ என்ற ஆய்வாளர், டோக்கியோ நகரின் கின்சா வீதியில் தனது நண்பர்களோடு நின்று, போவோர் வருவோர் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பதிவு செய்தார். ஆண்களில் 67 வீதமானோர் மேற்கத்திய உடையில் இருந்தார்கள். பெண்களிலோ மேற்கத்திய உடை அணிந்தவர்கள் ஒரு வீதம் மட்டுமே. மிகுதி 99 வீதமானோரும் ஜப்பானிய உடையான கிமோனோவிலேயே இருந்தனர். இத்தனைக்கும் கின்சா அந்நாட்டின் மிகவும் நாகரிகமான கடைத்தெரு.

இன்று அதே வீதியில் நின்று எண்ணினால் கணக்கு தலைகீழாகிவிடும். கிமோனோ உடுத்திய பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெண்கள் கிமோனோ உடுத்தக்கூடாது என்று அந்நாட்டில் ஒருபோதும் சட்டம் வரவில்லை. அப்படியானால் ஒரு நூற்றாண்டுக்குள் இது எப்படி நடந்தது?

பெண்களின் உடை பற்றி எமது சமூகத்திலும் அதிகமாகப் பேசப்படுகின்ற காலம் இது. எமக்குச் சம்பந்தமில்லாத ஒரு நாட்டின் அனுபவத்தை ஆறுதலாக இருந்து பார்ப்பது, சூடான வாதங்களை விடப் பயன் தரும் என்பது பல வருடங்களாகப் பாடசாலையில் படிப்பித்து வரும் எனது எண்ணம்.

உடுப்பு என்பதே அதன் பெயர்

ஜப்பானிய மொழியில் 'கி' என்றால் உடுத்துதல், 'மோனோ' என்றால் பொருள். ஆகவே கிமோனோ என்பதன் கருத்து வெறுமனே உடுப்பு என்பதுதான். இலங்கைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஓஷின்' நாடகத்தைப் பார்த்த எனது வயதினருக்கு இது இலகுவாக விளங்கும். அதில் ஏழைச் சிறுமி ஓஷின், வேலைக்குப் போன வீட்டில் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு திரிந்ததும் கிமோனோவில்தான். அது பட்டு அல்ல, வேலை செய்பவர்களின் சாதாரண உடுப்பு.

அதைத் தைக்கும் முறை வியப்புக்குரியது. சுமார் 36 சென்ரிமீற்றர் அகலமும் 12 மீற்றர் நீளமும் கொண்ட ஒரு சுருள் துணி போதும். அதை நேர்கோட்டில் எட்டுத் துண்டுகளாக வெட்டுவார்கள். உடம்பின் வளைவுகளுக்கேற்ப வளைத்து வெட்டுவதில்லை. அதனால் துணி வீணாவதில்லை. நல்ல கிமோனோவைக் கழுவும்போது தையலைப் பிரித்து, துண்டுகளைக் கழுவி விறைப்பாகக் காயவைத்து, மீண்டும் தைப்பார்கள். தேய்ந்த பகுதியை உள்ளே மறைத்துத் தைக்கலாம். பழசானால் பிள்ளைகளின் உடுப்பாகும், கடைசியில் நிலம் துடைக்கும் துணியாகும்.

பெண்கள் உயரத்துக்கேற்ப அதை இடுப்பில் மடித்து, 'ஓபி' என்ற அகலமான பட்டியால் கட்டிக்கொள்வார்கள். அதனால் தாயின் கிமோனோ மகளுக்கும் பேத்திக்கும் பொருந்தியது. உடுத்தும்போது இடது பக்கத் துணி மேலே வரவேண்டும். வலது பக்கம் மேலே வந்தால் அது மரணித்தவருக்கு உடுத்தும் முறை. திருமணமாகாத பெண்ணின் விசேட கிமோனோவுக்கு நீண்டு தொங்கும் கைகள் இருக்கும். மணமான பெண்ணுக்குக் கைகள் குறுகிவிடும்.

சட்டமும் சாமர்த்தியமும்

1603 முதல் 1868 வரையான எடோ காலத்தில், யார் எந்தத் துணியை உடுத்தலாம் என்று அரசு அடிக்கடி சட்டம் போட்டது. வர்த்தகர்களின் கையில் பணம் சேர்ந்து, அவர்களது மனைவிமார் உயர்குலப் பெண்களை விட ஆடம்பரமாக உடுத்தியதே காரணம். 1683இல் பெண்களின் உடையில் பொன்னிழை வேலைப்பாடு, முழுத் துணியையும் புள்ளி புள்ளியாக முடிந்து சாயமிடும் வேலை போன்றவை தடுக்கப்பட்டன.

மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. தடுக்கப்படாத சாய ஓவிய முறை வளர்ந்தது. வெளிப்பார்வைக்கு மங்கலான பழுப்பு, சாம்பல் நிறங்களையே உடுத்தி, உள்துணியில் விலையுயர்ந்த பட்டை வைத்துத் தைத்தார்கள். பழுப்பில் 48 வகை, சாம்பலில் 100 வகை என்று ஒரு சொல்வழக்கே உண்டானது. ஆடம்பரத்தை ஒளிப்பதே அழகு என்ற புதிய ரசனையும் பிறந்தது.

1868இல் மெய்ஜி ஆட்சி வந்தபின் நிலைமை மாறியது. மேற்குலகுக்குச் சமமாக நிற்க விரும்பிய அரசு, 1872இல் ஆண்களின் அரச வைபவ உடையாக மேற்கத்திய உடையை ஆக்கியது. ஆண்கள் குடுமியை வெட்டலாம் என்றும் சொல்லப்பட்டது. ஆனால் சில பெண்கள் தமது கூந்தலைக் கட்டையாக வெட்டிக்கொண்டபோது, அதே 1872இல் டோக்கியோ நிர்வாகம் அதைத் தடை செய்தது. ஆண் நாட்டின் முன்னேற்றத்துக்கு அடையாளம், பெண் நாட்டின் பழமைக்கு அடையாளம் என்ற பங்கீடு அங்கே தொடங்கிவிட்டது. கின்சாவில் எண்ணப்பட்ட 67க்கும் ஒன்றுக்கும் இடையிலான தூரம் இதன் விளைவுதான்.

1887இல் பேரரசி ஷோகென், பெண்கள் மேற்கத்திய உடை அணிவதை ஆதரித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் சொன்ன நியாயம் சுவாரசியமானது. மிகப் பழைய காலத்து ஜப்பானியப் பெண்கள் மேலாடை, கீழாடை என்று இரண்டு பகுதியாகவே உடுத்தினார்கள். மேற்கத்திய உடையும் அப்படித்தான் உள்ளது. ஆகவே கிமோனோவை விட அதுவே எமது பழைய முறைக்கு நெருக்கமானது என்றார். துணியை மட்டும் உள்நாட்டில் வாங்குங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். பாரம்பரியம் என்ற சொல்லை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக அழைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பாடசாலை கேட்ட மாற்றம்

ஓர் ஆசிரியருக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெண் பிள்ளைகளுக்கான பாடசாலைகள் திறந்தபோது கதிரை, மேசை வந்தன. உடற்பயிற்சி வந்தது. கிமோனோவின் முன்பக்கம் நடக்கும்போதும் கதிரையில் இருக்கும்போதும் விலகிவிடும். கட்டிய ஓபி மூச்சை இறுக்கும். தொடக்கத்தில் சில மாணவிகள் ஆண்கள் அணியும் 'ஹகாமா'வை மேலே உடுத்திக்கொண்டு வகுப்புக்கு வந்து, கண்டனத்துக்கு ஆளானார்கள்.

பின்னர் ஷிமோதா உதாகோ என்ற பெண் கல்வியாளர், பெண்களுக்கென்று பாவாடை போன்ற, மடிப்புகள் கொண்ட ஹகாமாவை அறிமுகப்படுத்தினார். கருஞ்சிவப்பு ஹகாமா படிக்கும் பெண்ணின் அடையாளமானது. அதை உடுத்தி மாணவிகள் துவிச்சக்கர வண்டியும் ஓட்டினார்கள். 1920களில் மாலுமிக் கழுத்துப்பட்டி வைத்த சீருடை அதன் இடத்தைப் பிடித்தது. ஆனாலும் இன்றும் மார்ச் மாதப் பட்டமளிப்பு விழாக்களில் பல்கலைக்கழக மாணவிகள் ஹகாமா உடுத்தியே வருகிறார்கள். கண்ணியத்தையும் வசதியையும் ஒன்றாக யோசித்து ஒரு பெண் கண்ட தீர்வு, நூறு வருடம் கடந்தும் நிற்கிறது.

ஒவ்வொன்றாக உரிந்தது

கிமோனோவின் அன்றாட வாழ்வை முடித்து வைத்தது யுத்தம். 1940இல் ஆடம்பரப் பொருட்களின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் கட்டுப்பாடு வந்தது. பெண்கள் 'மொன்பே' என்ற தொளதொளத்த காற்சட்டையில் தொழிற்சாலைக்கும் வயலுக்கும் போனார்கள். 1945இன் பின்னர் பசி. நகரத்துப் பெண்கள் தம்மிடமிருந்த கிமோனோக்களை ஒவ்வொன்றாகக் கிராமங்களுக்குக் கொண்டுபோய் விவசாயிகளிடம் கொடுத்து அரிசி வாங்கினார்கள். மூங்கில் குருத்தை ஒவ்வொரு மடலாக உரிப்பதுபோல் உடுப்பு குறைந்ததால், அதை 'மூங்கில் குருத்து வாழ்க்கை' என்றே சொன்னார்கள். மிஞ்சிய கிமோனோக்களைப் பிரித்துச் சட்டையும் பாவாடையும் தைத்தார்கள். தையல் பாடசாலைகள் பெண்களால் நிரம்பின.

நாடு மீண்டும் செழித்தபோது கிமோனோ திரும்பி வந்தது, ஆனால் விருந்தாளியாக. பருத்திக் கிமோனோ போய்விட்டிருந்தது. வியாபாரிகள் திருமணத்துக்கும் விழாவுக்குமான பட்டையே விற்றார்கள். எந்த மாதத்தில் எந்தத் துணி, எந்த வயதில் எந்த நிறம், எந்த வைபவத்துக்கு எந்த முடிச்சு என்று விதிகள் இறுகின. பாட்டிமார் கண்ணை மூடிக்கொண்டு உடுத்தியதை, பேத்திமார் 1960களில் கட்டணம் செலுத்தி வகுப்புகளில் கற்றுக்கொண்டார்கள். பிழையாகக் கட்டினால் யாராவது குறை சொல்வார்களோ என்ற பயமே பலரை அதிலிருந்து தூரமாக்கியது.

ஜனவரி மாத இரண்டாவது திங்கட்கிழமை, இளையோர் வயது வந்தோராவதைக் கொண்டாடும் நாள். நீண்ட கைகள் கொண்ட பட்டுக் கிமோனோவை அன்று பெண்கள் உடுத்துவார்கள். விலைக்கு வாங்கினால் பல இலட்சம் யென் ஆகும் என்பதால் பலர் வாடகைக்கே எடுக்கிறார்கள். 2018இல் அப்படிப் பணம் வாங்கிய யோகோஹாமா நிறுவனமொன்று அதே நாளில் கடையை மூடிவிட, ஏராளமான இளம் பெண்கள் உடையின்றித் தவித்தனர்.

உருமாறிய கிமோனோ

1981இல் ரேய் கவகுபோ என்ற பெண்ணும் யோஜி யமமோதோவும் பாரிஸில் தமது உடைகளைக் காட்சிப்படுத்தினார்கள். உடம்பின் வடிவத்தைக் காட்டுவதே பெண்ணுடை என்றிருந்த இடத்தில், அகலமான, கறுப்பான, உடம்பை விட்டு விலகி நிற்கும் உடைகளை அவர்கள் வைத்தார்கள். ஹிரோஷிமாவில் பிறந்து, ஏழு வயதில் அணுகுண்டிலிருந்து தப்பிய இஸ்ஸே மியாகே, ஒரே துணியிலிருந்து முழு உடையையும் உருவாக்கும் வழியைத் தேடினார். 'ஜப்பானியப் பாணி' என்ற முத்திரையை கவகுபோவும் யமமோதோவும் விரும்பவில்லை. இருந்தும் உடம்புக்கும் துணிக்கும் இடையே இடம் விடும் கிமோனோவின் எண்ணத்தை அந்த உடைகளில் காண்கிறேன்.

எமக்கு நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. யுனிக்லோ என்ற ஜப்பானிய நிறுவனம் 2015இல், பிரித்தானிய-ஜப்பானியப் பின்னணி கொண்ட, இஸ்லாத்தை ஏற்ற வடிவமைப்பாளரான ஹனா தஜிமாவுடன் சேர்ந்து, தளர்வான நீண்ட உடைகளையும் ஹிஜாபையும் தென்கிழக்காசியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அதற்காக இன்றைய ஜப்பானியப் பெண் தான் விரும்பியதை உடுத்துகிறாள் என்று முடிவுகட்ட வேண்டாம். பல வேலைத்தலங்களில் பெண்கள் குதியுயர்ந்த சப்பாத்து அணிய வேண்டும் என்ற விதி இருந்தது. 2019இல் இஷிகாவா யூமி என்ற பெண் அதை எதிர்த்து, 18,000க்கும் மேற்பட்ட கையொப்பங்களை அரசிடம் கையளித்தார். அடுத்த வருடம் ஜப்பான் எயார்லைன்ஸ் தனது விமானப் பணிப்பெண்களுக்கு அந்த விதியை நீக்கி, காற்சட்டை அணியவும் இடம் கொடுத்தது.

இந்த வரலாற்றிலிருந்து நான் விளங்கிக்கொள்வது இதுதான். சந்தைக்கும் வயலுக்கும் வகுப்புக்கும் போட்டுக்கொண்டு போகும் வரை ஓர் உடை உயிரோடிருக்கிறது. செலவும் விதியும் குறை சொல்லும் நாக்கும் கூடக் கூட அது அலுமாரிக்குள் போகிறது. இன்று பருத்தியில் தைத்த 'யுகாதா' என்ற எளிய கிமோனோவைக் கோடைக்கால வாணவேடிக்கை பார்க்க இளம் பெண்கள் ஆசையோடு உடுத்திப் போகிறார்கள். அது மலிவு, கழுவலாம், தானே கட்டிக்கொள்ளலாம்.

பாடசாலைச் சீருடையோ, கல்யாண வீட்டு உடையோ, எமது பிள்ளைகளுக்காக நாம் ஒரு முடிவெடுக்கும்போது சில சாதாரண கேள்விகளையும் கேட்டுப் பார்க்கலாம். இதை உடுத்தி அவளால் வேகமாக நடக்க முடியுமா? வெயிலில் தாங்குமா? தகப்பனின் சம்பளத்துக்குள் அடங்குமா? இவற்றுக்குப் பதில் சொல்ல மிகவும் தகுதியானவள் அந்தப் பிள்ளைதான். அவளிடமும் கேட்போம்.