சைகை இழந்த திரை



பீடோங் நகருக்கு அருகில், ஒரு தோட்டக் குடியிருப்பில் வாழும் முதிய அம்மையார் ஒருவர் பதினொரு நாள்கள் தொலைக்காட்சி இன்றி இருந்தார். கணவர் மறைந்தபின், இரண்டாம் அலைவரிசையின் தமிழ்ச் செய்திதான் அவ்வீட்டில் நாள்தோறும் ஒலித்த தமிழ்க் குரல். பழுது பார்க்க வந்தவர், பெட்டி தீர்ந்துவிட்டது, புதியது வாங்குங்கள் என்று சொல்லி முப்பது ரிங்கிட் பெற்றுச் சென்றாராம். நான் சென்றபோது நீலத் திரையில் இரண்டு மலாய்ச் சொற்கள் மிதந்துகொண்டிருந்தன: 'தியாடா இஷாரட்'. சைகை இல்லை என்பது அதன் பொருள்.

அச்சொற்களை நாம் சரியாகப் படித்தாலே பாதிப் பழுது விளங்கிவிடும். அவற்றைத் திரையில் எழுதியது யார்? தொலைக்காட்சியேதான். எழுத வல்ல பெட்டிக்கு மின்சாரம் வருகிறது; திரை ஒளிர்கிறது; உள்ளிருக்கும் மின்னணுச் சுற்றும் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. தான் பார்த்துக்கொண்டிருக்கும் வாயிலில் எவரும் வரவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. ஆகவே முதற்கேள்வி, அது எந்த வாயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே.

முன்னாளில் இக்கேள்விக்கு இடமில்லை. கூரைமேல் நின்ற ஏரியலின் கம்பி நேராகப் பெட்டியின் முதுகில் நுழைந்தது. வரவு நலிந்தால் திரையில் எறும்பு மொய்ப்பதுபோல் புள்ளிகள் பெருகும், படம் மங்கும், குரல் மட்டும் இரைச்சலுக்கிடையே கேட்கும். 2019 சூலை 21ஆம் நாள், நம் கெடா மாநிலத்தைச் சேர்ந்த லங்காவித் தீவில்தான் நாட்டிலேயே முதன்முறையாகப் பழைய ஒப்புமை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுவதும் இலக்கமுறைக்கு மாறியது. பழைய பெட்டியை வைத்திருந்தோர் இடையில் ஒரு டிகோடரை வைக்கவேண்டியதாயிற்று. உதவித்தொகை பெற்ற குடும்பங்கள் பலவற்றுக்கு அரசே அதை இலவசமாக வழங்கியது.

அன்று முதல் வீட்டில் இரண்டு தொலையியக்கிகள். அலைவரிசையை மாற்றுவது டிகோடருடையது, தொலைக்காட்சியோ ஏ.வி. அல்லது எச்.டி.எம்.ஐ. எனும் ஓர் உள்ளீட்டிலேயே அசையாமல் நிற்கவேண்டும். பழக்கத்தில் பழைய தொலையியக்கியின் எண்ணை அழுத்தினால், பெட்டி தன் முந்தைய ஏரியல் வாயிலுக்குத் திரும்பிவிடுகிறது. அங்கே 2019க்குப் பிறகு எவரும் வருவதில்லை. அம்மையாரின் வீட்டில் நடந்ததும் இதுவே. 'சோர்ஸ்' என்றோ 'இன்புட்' என்றோ குறித்த பொத்தானை அழுத்தி, டிகோடர் இணைந்துள்ள வாயிலைத் தேர்ந்தவுடன் படம் வந்தது.

உள்ளீடு சரியாக இருந்தும் வெறுமை நீடித்தால் கம்பியை ஐயுறவேண்டும். எச்.டி.எம்.ஐ. கம்பியின் முனையில் 19 ஊசிகள் உள்ளன. அவை சுமப்பது படமும் ஒலியும் மட்டுமன்று, ஓர் உரையாடலும்கூட. டிகோடர் ஐந்து வோல்ட் அழுத்தத்தை அனுப்பித் தன் வரவைத் தெரிவிக்கும். தொலைக்காட்சி 'இங்கிருக்கிறேன்' என மறுமொழி தந்து, தன்னால் காட்ட இயலும் பட அளவுகளின் பட்டியலையும் கொடுக்கும். சில கருவிகளில் இதன்பின் பாதுகாப்புச் சாவிகளும் பரிமாறப்படும். ஓர் ஊசி தளர்ந்தாலும் இந்த உரையாடல் முறிந்துபோகலாம். இரு கருவிகளையும் சுவரிலேயே அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, கம்பியை இருமுனையிலும் கழற்றி அழுத்திச் செருகி, முதலில் தொலைக்காட்சியையும் பிறகு டிகோடரையும் இயக்கினால் உரையாடல் புதிதாகத் தொடங்கும். வகுப்பறையில் கணினியும் ஒளிப்படக்காட்டியும் ஒன்றையொன்று அறியாமல் நிற்கும்போதும் இதுவே வழி. மாணவர்முன் அந்தப் பத்து நிமிடம் எத்துணை நீளமானது என்பதை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அறிவிப்பை எழுதியது டிகோடராக இருந்தால் கதை வேறு. அதன் பட்டியலும் முத்திரையும் திரையில் தெரிகின்றன. படம் மட்டும் இல்லை. அப்போது கூரையை நோக்கவேண்டும். இலக்கமுறை ஒளிபரப்பு நம் நாட்டில் மீஉயர் அலைவெண்களில் வருகிறது. பழைய ஏரியல்களின் நீண்ட கைகள் அதற்குப் பொருந்தா. அரை அலைநீளம் ஏறத்தாழ கால் மீட்டர்தான் என்பதால் குட்டையான கைகளே வேண்டும். நம் பகுதியில் அவற்றைப் பெரும்பாலும் 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலையின் ஒளிபரப்பு நிலையத்தை நோக்கித் திருப்புவர். வீட்டுக்கும் மலைக்கும் இடையில் செம்பனை ஓங்கி வளர்ந்துவிட்டால் வரவு குறையும். இலக்கமுறையில் எறும்புகள் வந்து எச்சரிப்பதில்லை. படம் சற்றே கட்டங்கட்டமாகச் சிதறும், உடனே அறவே மறையும். நேற்றுவரை நன்றாக இருந்ததே என்று மக்கள் வியப்பது இதனால்தான்.

துணைக்கோள் தட்டு வைத்திருப்போர்க்கு மழையே பகை. அவ்வலைகளின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே; கனத்த மழைத்துளிகள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. இங்கே எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். மழை விட்டால் படம் தானே திரும்பும். புயலில் கூரையேறித் தட்டைத் திருப்பியவர்க்கோ மழை விட்டபின்னும் திரும்பாது.

அம்மையாரின் பழைய தொலையியக்கியில், இயக்கும் பொத்தான் ஒன்றைத் தவிர மற்றவற்றின்மேல் மருந்துக்கடைப் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு வந்தேன். மறுமுறை சென்றபோது பிளாஸ்திரி அப்படியே இருந்தது. ஒலிப் பொத்தானுக்கு மட்டும் அவரே ஒரு சிறு துளை வெட்டியிருந்தார்.