ஒண்ணு பெருசு... ஒண்ணு சிறுசு... பயப்படணுமா?

துப்பட்டாவை அந்தப் பக்கம் இழுத்து, இந்தப் பக்கம் பின் குத்தி, 'வெளியே தெரியுதா?' என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறவரா நீங்கள்? டி-ஷர்ட் போட ஆசை இருந்தும் அலமாரியிலேயே மடித்து வைத்திருக்கிறீர்களா? ரூம்மேட்டிடம்கூடக் கேட்க முடியாமல், 'எனக்கு மட்டும்தான் இப்படியோ' என்று மருகுகிறீர்களா? அப்படியென்றால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்!

முதல் விஷயம்... உங்களுக்கு மட்டும் இல்லை. இரண்டு மார்பகமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிற பெண் ரொம்ப அபூர்வம். அளவு, வடிவம், காம்பு இருக்கிற உயரம்... ஏதாவது ஒன்றில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஆட்டோகேடில் பாதியை வரைஞ்சுட்டு 'மிரர்' கமாண்ட் கொடுத்தா மீதிப் பாதி வந்துடும். உடம்பு அப்படி வரையப்பட்டதில்லை. உங்கள் ரெண்டு பாதத்தையும் அளந்து பாருங்கள், அதிலேயே புரியும்!

ஏன் இந்த வித்தியாசம்?

கதை கருவிலேயே தொடங்குகிறது. சுமார் ஆறாவது வாரத்தில், அக்குளில் இருந்து தொடை இடுக்கு வரை இரண்டு பக்கமும் மேடான ஒரு கோடு உருவாகிறது. அப்புறம் நெஞ்சுப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். மிச்சம் இருப்பதுதான் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள் மொட்டு விட ஆரம்பிக்கிறது. ரெண்டு பக்கமும் ஒரே நாளில் தொடங்கணும்னு சட்டம் எதுவும் இல்லை. ஒரு பக்கம் முந்திக்கொள்ளும், இன்னொன்று சில மாதம் கழித்து வரும். பலருக்கு வளர்ச்சி முடியும்போது வித்தியாசம் தானாகவே குறைந்துவிடும்.

வீட்டில் தங்கச்சி இருந்தால் இதைக் கட்டாயம் அம்மாவிடம் சொல்லி வையுங்கள். அந்த வயதில் ஒரு பக்கக் காம்புக்குப் பின்னால் மட்டும் கட்டி மாதிரி தட்டுப்பட்டால், அது பெரும்பாலும் வளர ஆரம்பித்திருக்கிற மொட்டுதான். பதறிப் போய் 'கட்டியை எடுத்துடுங்க' என்று வெட்டி எடுத்துவிட்டால், அந்தப் பக்கம் மார்பகமே வளராமல் போகலாம். டாக்டரிடம் காட்டலாம், அவசரப்பட்டு கத்தி மட்டும் வேண்டாம்.

வேறு சில காரணங்களும் உண்டு. சின்ன வயதில் நெஞ்சில் வெந்நீர் கொட்டியோ நெருப்புப் பட்டோ தழும்பு இறுகிப் போயிருந்தால், அது அடியில் இருக்கிற வளர்ச்சியை அமுக்கிவிடும். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தால் விலா எலும்பும் திரும்பிக்கொண்டு, சரியான அளவில் இருக்கிற மார்பகம்கூட ஏறுக்கு மாறாகத் தெரியும். சிலருக்கு அடிப்பகுதி குறுகி, குழாய் வடிவில் வளரும்.

இன்னொன்று 'போலந்து சிண்ட்ரோம்'. 1841-ல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ஆல்ஃபிரட் போலந்து என்ற மாணவர் ஓர் உடலை அறுத்துப் பார்த்தபோது, ஒரு பக்க நெஞ்சுத் தசையின் பெரும்பகுதி இல்லாததைக் கவனித்து எழுதி வைத்தார். ஏறக்குறைய நம்ம வயசுதான் அவருக்கு! இது பிறவியிலேயே வருவது. அந்தப் பக்க மார்பகம் வளராமலோ மிகச் சிறியதாகவோ இருக்கலாம், சிலருக்கு அதே பக்கக் கை விரல்களும் குட்டையாக இருக்கும். பசங்களே, பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இது ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

எப்போ உடனே ஓடணும்?

'எப்பவும் இப்படித்தான்' என்பது ஒரு கதை. 'இப்போதான் புதுசா' என்பது வேற கதை. இத்தனை நாள் சரியாக இருந்து திடீரென ஒரு பக்கம் பெருத்தாலோ சுருங்கினாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி விழுந்தாலோ, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டாலோ, ரத்தம் கசிந்தாலோ, தள்ளிப் போடாதீங்க. நம் வயதில் பெரும்பாலும் இது 'ஃபைப்ரோஅடினோமா' என்கிற சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும். சில சமயம் அதுவே கிடுகிடுவென வளர்ந்து ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். எதுவாக இருந்தாலும், சொல்ல வேண்டியது ஸ்கேனும் டாக்டரும்தான், கூகுள் இல்லை.

கிரீம், எண்ணெய், மாத்திரை?

பர்ஸை மூடுங்க! தடவி ஒரு பக்கத்தை மட்டும் வளர்க்கிற கிரீம் எதுவும் கிடையாது. மார்பகத்துக்குள் தசையே இல்லை. கொழுப்பும் பால் சுரப்பிகளும்தான். அதனால் புஷ்-அப் எடுத்தால் அடியில் இருக்கிற தசைதான் பலப்படும், மார்பகம் வளராது. யாரோ சொன்னாங்கன்னு ஹார்மோன் மாத்திரை போடுவது சுத்தமாகக் கூடாது.

கைகொடுப்பது சிம்பிளான ஒரு விஷயம். பெரிய பக்கத்துக்குப் பொருந்துகிற அளவில் பிரா வாங்கி, சிறிய பக்கத்தில் பேட் வைத்துக்கொள்வது. வித்தியாசம் அதிகம் என்றால், அதற்கென்றே சிலிகோனில் செய்த செயற்கை வடிவங்கள் கிடைக்கின்றன. பலருக்கு இதுவே போதும்.

ஆபரேஷன் என்றால் என்னென்ன?

வித்தியாசம் அதிகமாக இருந்து, தோள் வலிக்கிறது, விளையாடவே போவதில்லை, எந்நேரமும் அதே நினைப்பு என்றால், ஆபரேஷன் பற்றி விசாரிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வளர்ச்சி முடிந்து, அளவும் உடல் எடையும் நிலையாக இருக்க வேண்டும். அதனால்தான் பொதுவாக 18 வயது வரை காத்திருக்கச் சொல்கிறார்கள்.

பெரியதைக் குறைப்பது: அதிகப்படியான திசுவையும் தோலையும் எடுத்துவிடுவார்கள். தழும்பு இருக்கும். பெரும்பாலும் காம்பைச் சுற்றி, அங்கிருந்து கீழே, நங்கூரம் போல. பால் கொடுப்பதும் காம்பின் உணர்ச்சியும் பாதிக்கப்படலாம்.

தொங்குவதைத் தூக்குவது: அளவு ஒன்றாக இருந்து உயரம் மட்டும் மாறினால் இது.

சொந்தக் கொழுப்பு: வயிற்றிலோ தொடையிலோ உறிஞ்சி எடுத்து, சிறிய பக்கத்தில் செலுத்துவார்கள். ஒரு பகுதியை உடம்பே கரைத்துவிடும் என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தேவைப்படலாம்.

இம்ப்ளான்ட்: சிலிகோன் ஜெல் அல்லது உப்பு நீர் நிரம்பிய பையை உள்ளே வைப்பது. போலந்து சிண்ட்ரோம் மாதிரி பிரச்னைகளில் முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து மூடுவதும் உண்டு.

பலருக்கு இதில் ரெண்டைச் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும். ஒரு பக்கம் குறைத்து, மறுபக்கம் கூட்டி! அப்படியும் நூற்றுக்கு நூறு ஒரே மாதிரி ஆகாது. 'நெருக்கமாக வரும்' என்பதுதான் நேர்மையான வாக்குறுதி.

இம்ப்ளான்ட்... முழுக் கதை

முதல் சிலிகோன் இம்ப்ளான்ட் 1962-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் வைக்கப்பட்டது. அப்புறம் நடந்தது எல்லாமே நல்ல கதை இல்லை. பிரான்ஸின் பி.ஐ.பி. கம்பெனி, தொழிற்சாலை உபயோகத்துக்கான மட்டமான சிலிகோனை அடைத்து விற்றது 2010-ல் அம்பலமானது. அதன் நிறுவனருக்கு 2013-ல் சிறைத்தண்டனை கிடைத்தது. சொரசொரப்பான மேல்பரப்பு கொண்ட சில இம்ப்ளான்ட்டுகளால் அரிய வகைப் புற்றுநோய் வருவது தெரிந்து, 2019-ல் ஒரு பெரிய நிறுவனம் உலகம் முழுக்கத் தன் தயாரிப்புகளைத் திரும்பப் பெற்றது. 2021-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பு, பெட்டி கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது.

அது சொல்வதன் சாரம்: இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க வருகிற பொருள் இல்லை. சுற்றிலும் தழும்பு இறுகலாம், பை கிழியலாம், வருஷம் கூடக்கூட வாய்ப்பும் கூடும். இருபதில் வைத்தால், பின்னால் இன்னொரு ஆபரேஷன் வரலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் இருக்கிறவங்களுக்கு மட்டுமா?

2018 பிப்ரவரியில் நம் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் இலவச மார்பக அறுவை சிகிச்சைக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டபோது பெரிய விவாதமே நடந்தது. 'உயிர் காக்கிற சிகிச்சைக்கே பணம் போதாதபோது அழகுக்கு எதற்கு?' என்றார்கள் ஒரு பக்கம். 'ஏழைப் பெண் மட்டும் கடன் வாங்கணுமா, ஆபத்தான இடங்களுக்குப் போகணுமா?' என்றது அரசுத் தரப்பு. ரெண்டு கேள்வியுமே நியாயமானதுதான். ஆனால் தோள் வலியும், தழும்பு இறுகலும், பிறவிக் குறையும் ஃபேஷன் விஷயங்கள் இல்லை. ஸ்டான்லி, சென்னை ராஜீவ்காந்தி அரசு மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி போன்ற இடங்களில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

டாக்டரிடம் கேட்க 5 கேள்விகள்

* நீங்கள் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது அதற்குச் சமமான பட்டம் பெற்றவரா? (போர்டைப் பார்த்து மட்டும் நம்பாதீங்க!)
* ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்க முடியுமா?
* தழும்பு எங்கே, எவ்வளவு வரும்?
* பின்னாளில் பால் கொடுக்க முடியுமா?
* பத்து வருஷம் கழித்து மறுபடி செலவு இருக்குமா?

இன்னொரு கேள்வி உங்களுக்கு நீங்களே கேட்க வேண்டியது: 'இது யாருக்காக?' பொண்ணு பார்க்க வர்றாங்க, கல்யாணத்துக்கு முன்னாடி 'சரி பண்ணிடணும்' என்று வீட்டில் அவசரப்படுத்தினால், கொஞ்சம் நில்லுங்கள். முழு மயக்கம் கொடுத்து, வாரக்கணக்கில் ஓய்வெடுத்து, தழும்போடு வாழப் போவது நீங்கள்தான். முடிவும் உங்களுடையதாக இருக்கட்டும்.

வேணும் என்று தீர்மானித்தாலும் சரி, இப்படியே இருந்துட்டுப் போறேன் என்றாலும் சரி, ரெண்டுமே சரியான விடைதான். யாரிடமும் கேட்காமல், கூன் போட்டுக்கொண்டு, நாலு வருஷக் காலேஜ் வாழ்க்கையைப் பயந்தே கழிப்பது மட்டும்தான் தப்பான விடை. ஸோ... நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட இன்னிக்கே பேச்சை ஆரம்பிங்க!