பாறையிலிருந்து பளபளக்கும் தரைக்கு

தஞ்சைச் சமவெளியில் பாறை கிடையாது. ஆனாலும் 1010-இல் முடிந்த பெரிய கோயில் முழுக்க கருங்கல். வெளியிலிருந்து அத்தனையும் வந்து சேர்ந்ததுதான் சோழர் திறமையின் பாதி.

அன்றைய கல் உடைப்பின் தடம் பழைய பாறைகளில் இன்றும் தெரிகிறது: வரிசையாக, விரல் நீளத்தில் உளிக் குழிகள். குழிகளில் ஆப்பு இறக்கி மாறி மாறி அடித்தால், அந்தக் கோட்டிலேயே பாறை பிளக்கும். இன்றைய குவாரியில் வைரமணி கோத்த எஃகுக் கம்பி அந்த வேலையைச் செய்கிறது. பாறையில் இரண்டு துளைகளை உள்ளே சந்திக்கும்படி போட்டு, கம்பியை நுழைத்து வளையமாக்கிச் சுழற்றுவார்கள். சூடு தணிய தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு பட்டறையில் பாளம் 2 அல்லது 3 செ.மீ. பலகைகளாக அறுபட்டு மெருகேறும்.

தமிழக அரசு 1978-இல் 'டாமின்' கனிம நிறுவனத்தைத் தொடங்கியது. கிருஷ்ணகிரியின் 'பாரடைசோ', விழுப்புரம் பக்கத்துக் 'குன்னம் கறுப்பு' எல்லாம் வெளிநாட்டுச் சந்தையில் பேர்பெற்ற கிரானைட் வகைகள். மதுரைக் கல்லுக்கு 'காஷ்மீர் ஒயிட்' என்று பெயர் வைத்தது வியாபாரிகளின் குறும்பு!

லாபம் கூடியபோது விதிகள் காற்றில் பறந்தன. மேலூர் வட்டாரக் கிரானைட் முறைகேடுகளை 2012-இல் அப்போதைய மதுரை ஆட்சியர் உ.சகாயத்தின் அறிக்கை அம்பலப்படுத்தியது. அதே வட்டாரத்து அரிட்டாபட்டி, 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.