புனேயின் அடியில் தொடங்கும் தீவுகள்

தீபாவளி நெருங்கினால் புனேயின் சுற்றுலா முகவர் கடைகளில் நீலம் ஏறிவிடும். கண்ணாடிக் கதவு முழுக்க மாலத்தீவும் மொரீஷியஸும் லட்சத்தீவும்தான். தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் குடில், சாய்நாற்காலி, இரவில் மேளத்தோடு ஒரு நடனம். கடல் இல்லாத ஊர் கடலுக்கு ஏங்குவதில் வியப்பில்லை. வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் தீவுகளும் புனேயின் குன்றுகளும் ஒரே நெருப்பில் பிறந்தவை.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, தானே ஒரு பெருந்தீவாக, வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அப்போது அதன் மேற்குப் பகுதியில் தரை பிளந்தது. கூம்பு வடிவ மலை உச்சியில் வெடித்துச் சீறும் எரிமலையாக இதைக் கற்பனை செய்ய வேண்டாம். நீண்ட விரிசல்களிலிருந்து குழம்பு பொங்கி, வெள்ளம்போல் பரவி, ஆறியது. அதன் மேல் அடுத்த வெள்ளம், அதற்கும் மேல் இன்னொன்று. இதில் பெரும்பகுதி பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டது. புவியின் கணக்கில் அது அவசரம். இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரை, அதாவது தமிழ்நாட்டைப் போல் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவான பரப்பை, இந்தத் தக்காணப் பாறை மூடியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் கனம் சில இடங்களில் 2 கிலோமீட்டருக்கும் மேல். புனேக்கு அருகிலுள்ள சிங்ககட் கோட்டையைத் தூரத்திலிருந்து பார்த்தால் சரிவு படிப்படியாக இறங்குவது தெரியும். அந்தப் படிகள் ஒன்றின்மேல் ஒன்றாக உறைந்த குழம்பு அடுக்குகள்.

அந்த நெருப்பு இப்போது எங்கே? புனேயிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தள்ளி, ரியூனியன் தீவின் அடியில்.

நகர்ந்தது நெருப்பு அல்ல, நாம். புவியின் மேலோடு பல தட்டுகளாக உடைந்து நகர்கிறது. அதற்குக் கீழுள்ள மூடகத்தின் ஆழத்திலிருந்து சில இடங்களில் சூடான பாறை தூண்போல் மேலெழுகிறது. அந்தத் தூண் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. தையல் இயந்திரத்தில் ஊசி ஓரிடத்தில் ஏறி இறங்க, துணி நகர, தையல் வரிசை நீள்வதைப் போல, நகரும் தட்டின் மேல் எரிமலைகள் வரிசையாக விழுகின்றன. 1963-இல் கனடாவின் டூசோ வில்சன் ஹவாய்த் தீவுகளை வைத்து இதை முன்வைத்தார். 1971-இல் அமெரிக்கர் ஜேசன் மோர்கன் அதற்கு ஆழத்துத் தூண் என்ற விளக்கம் கொடுத்தார்.

கருத்து சரியென்றால், தக்காணத்திலிருந்து தெற்கே போகப் போகப் பாறையின் வயது குறைய வேண்டும். 1987-இல் ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்ற ஆய்வுக் கப்பல் இந்தியப் பெருங்கடலின் தரையைத் துளைத்துப் பார்த்தது. மாலத்தீவுக்கு அடியிலுள்ள எரிமலைப் பாறைக்கு வயது ஏறத்தாழ 5.7 கோடி ஆண்டுகள். இன்னும் தெற்கே, சாகோஸ் திட்டில் 4.9 கோடி. அதன்பின் கடலடி முகடு ஒன்று இந்தத் தூணின் மேலாகக் கடந்து போனதால், ஊசிக்குக் கீழே இருந்த துணியே மாறிவிட்டது: இந்தியத் தட்டு விலகி, ஆப்பிரிக்கத் தட்டு வந்தது. மொரீஷியஸ் பிறந்தது அந்தத் தட்டின் மேல்தான். அதன் மிகப் பழைய பாறைக்கு வயது 80, 90 லட்சம் ஆண்டுகள். ரியூனியன் கடலுக்கு மேல் தலைகாட்டி சுமார் 20 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன.

மாலத்தீவில் இறங்கும் பயணி இதில் எதையும் பார்க்க முடியாது. அங்கே இருப்பது வெள்ளை மணலும் பவளமும்தான், எரிமலை முழுகிவிட்டது. சூடு விலகியதும் கடல்தரை குளிர்ந்து அடர்ந்து மெல்லத் தாழ்ந்தது, எரிமலையும் கூடவே இறங்கியது. வெளிச்சம் தேடும் பவளம் மட்டும் மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே வந்தது. வளையத் தீவுகள் உருவாகும் இந்த முறையை டார்வின் 1842-இல் நூலாகவே எழுதிவிட்டார். மாலத்தீவின் சுண்ணாம்பு அடுக்கு இன்று 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கனம் கொண்டது. 1972-இல் குரும்பா என்ற பெயரில் அங்கே முதல் ரிசார்ட் திறந்தார்கள். அந்தத் தீவுகளைத் தான் வென்றதாக ராஜராஜ சோழன் கல்வெட்டில் பொறித்ததற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு.

என்னைக் கேட்டால், விளம்பரத்தில் முதலிடம் ரியூனியனுக்குத்தான் கொடுக்க வேண்டும். அங்கே நெருப்பு இன்னும் வெளியில் தெரிகிறது. பிதோன் தெ லா ஃபூர்னேஸ் உலகின் மிகச் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று. 1977-இல் அதன் குழம்பு சேந்த் ரோஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குள் இறங்கி, தேவாலய வாசலில் நின்றுவிட்டது. 2007-இல் உச்சிப் பள்ளமே முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்தது. அந்த மலை இருக்கும் தீவில் தமிழர்கள் இருக்கிறார்கள். 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள். செந்தாந்த்ரேயில் கரும்புத் தோட்டங்களின் நடுவே கோபுரம் நிற்கிறது. தைப்பூசக் காவடியும் தீமிதியும் உண்டு. நம் தெருக்கூத்திலிருந்து கிளைத்த இரவுநேர ஆடற்கூத்தை அங்கே ‘பால் தமூல்’ என்கிறார்கள். தமிழ் பேச்சிலிருந்து பெரும்பாலும் நழுவியபின்னும் கூத்து நின்றது. ஆப்பிரிக்க அடிமைகளும் மடகாஸ்கர்க்காரர்களும் அதே தோட்டங்களில் வளர்த்த மாலோயா ஆட்டத்தை யுனெஸ்கோ 2009-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தக்காணத்தை உருக்கிய வெப்பத்துக்கு மேலேயே தமிழர் தீ மிதிக்கிறார்கள் என்பதைப் புவியியல் பாடநூல்கள் சொல்லாது, நாம் சொல்லிக்கொள்ளலாம்.

தூண் கதையை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. ஐஐடி பம்பாயின் ஹேது சேத், மேலோடு இழுபட்டு விரிந்ததே தக்காண வெள்ளத்துக்குப் போதுமான காரணம் என்று வாதிட்டவர். வாதம் நல்லதுதான். ஆனால் தெற்கே போகப் போகப் பாறை இளமையாவதைத் தூண் இல்லாமல் இவ்வளவு எளிதாக யாரும் விளக்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தியா நகர்ந்தது என்பதிலோ சந்தேகமே இல்லை. சாட்சி பாறைக்குள்ளேயே இருக்கிறது. குழம்பு 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறும்போது அதிலுள்ள மேக்னடைட் துகள்கள் அப்போதைய புவிக்காந்தத்தின் திசையைப் பிடித்துக்கொள்கின்றன. காந்தக் கோடு நிலநடுக்கோட்டில் கிடையாகவும் துருவத்தில் செங்குத்தாகவும் இருப்பதால், அது சாய்ந்திருக்கும் கோணத்திலிருந்து பாறை பிறந்த அட்சரேகை கிடைத்துவிடும். 1950-களில் லண்டனில் இயற்பியலாளர் பிளாக்கெட்டின் குழுவினர் தக்காணப் பாறைகளை அளந்தபோது, கோணம் தென்கோளத்தைக் காட்டியது. கண்டங்கள் நகர்கின்றன என்பதை அறிஞர்களே கேலி செய்துகொண்டிருந்த காலம் அது.

புனேயின் ஜங்லி மகராஜ் சாலையில் இருக்கும் பாதாளேஸ்வரர் கோயில் இந்தப் பாறையைக் குடைந்தே எட்டாம் நூற்றாண்டில் ஆக்கப்பட்டது. வட்டமான நந்தி மண்டபமும் சேர்ந்தே தரையிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கப்பட்டது. மாமல்லபுரத்துக் கல் பூமியின் ஆழத்தில் மெல்ல இறுகியது. இது வெளியே வழிந்து ஆறியது. அந்தக் கோயில் தூண்களில் இருக்கும் காந்தத் துகள்கள் இன்றும் தென்கோளத்து நினைவோடுதான் இருக்கின்றன.

குழம்பு ஆறும்போது உள்ளே சிக்கிய வாயுக் குமிழிகள் பொந்துகளாக நின்றன. பின்னர் அவற்றில் நீர் ஊறி, ஸ்டில்பைட், அபோஃபிலைட் போன்ற படிகங்கள் வளர்ந்தன. புனேயை ஒட்டிய வாகோலி கல்குவாரிகளில் கிடைத்த மயில்நீலக் கேவன்சைட் உலக அருங்காட்சியகங்களில் இருக்கிறது. வேதாள் தேக்டியிலோ சிங்ககட் பாதையிலோ நடக்கும்போது கரும்பாறையில் வெள்ளைப் பொட்டுகள் தென்பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். குழந்தைகளிடமும் காட்டுங்கள். உளியையும் சுத்தியலையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.