ஒரத்துப்பாளையம் சொல்லும் கணக்கு

வளர்ச்சியின் வரவைக் கணக்கிடும் நாம், அதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்று கேட்பதில்லை. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பல லட்சம் பேருக்கு வேலை தந்தது. அந்நியச் செலாவணி ஈட்டியது. அதே காலத்தில், சாயக் கழிவுநீர் நொய்யலாற்றில் கலந்தது. பாசனத்துக்காக அந்த ஆற்றின் குறுக்கே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தேக்கமாக மாறியது. அணையில் நீரைத் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கோரும் அவலம் நேர்ந்தது.

சாயமேற்றியபின் எஞ்சும் உப்பு, வழக்கமான சுத்திகரிப்பில் நீங்குவதில்லை. அது நிலத்தடி நீரில் சேர்ந்து, கிணறுகளையும் வயல்களையும் பாழாக்கியது. கழிவை அகற்றுவதற்கான செலவு ஆடையின் விலையில் சேரவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர்களின் தலையில் விழுந்தது.

2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது வேலையிழந்து தவித்தவர்கள் தொழிலாளர்கள். கழிவுநீரை வெளியேற்றாமல், அதிலிருந்து நீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் முறை அதன்பிறகே வலுப்பெற்றது. தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. அதற்கான செலவை ஏற்கத்தான் எவரும் முன்வரவில்லை.

'முதலில் வளர்ச்சி, பிறகு சுற்றுச்சூழல்' என்ற தாமதத்தின் விலையை உழவரும் தொழிலாளரும் கொடுத்தனர். ஆலைக்கு அனுமதி அளிக்கும் நாளிலேயே கழிவுக்கும் வழி காண்பதுதான் மெய்யான வளர்ச்சி. அந்தச் செலவில், மலிவு விலை கேட்கும் வெளிநாட்டு இறக்குமதியாளர்களுக்கும் பங்குண்டு.