வீட்டுத் தோசிக்கும் சட்டம் உண்டு

டிசம்பர் பிறந்தால் முகத்துவாரத்தின் ஒழுங்கைகளுக்குள் மீன் வாசனையை மிஞ்சி இன்னொரு வாசனை கிளம்பும். சீனிப்பாணியில் இஞ்சி வேகிற வாசனை. நத்தார் கேக்குக்காகப் பூசணித் தோசி போடுகிற குசினிகள் ஒரு பக்கம். உந்துவப் போயாவுடன் சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கிவிடுவதால், மலையேறுகிறவர்களுக்கு இஞ்சித் தோசி, சீனி போட்ட கச்சான், கஜு, பிளம்ஸ் எல்லாம் கலந்து சின்னப் பைகளில் கட்டி விற்கிறவர்கள் மறுபக்கம். தோசி என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது. அவர்கள் மொழியில் 'தோசெ' என்றால் இனிப்பு.

நானும் அப்படி ஒரு பை வாங்கினேன். விற்ற அக்காவிடம் "எப்ப செய்தது?" என்றேன். "இப்பதான் தம்பி, இந்தக் கிழமை. எல்லாம் வீட்டுச் சாமான்" என்றார். நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறி, பாதி வழியில் குளிருக்குள் நின்று வாயில் போட்டால், இஞ்சி அருமை. கச்சான் மட்டும் சீனி கரைந்த பிறகு கசந்தது. பையைத் திருப்பிப் பார்த்தேன். பெயர் இல்லை, திகதி இல்லை, விலைகூட இல்லை. வாயை ஒட்டிய ஸ்டேப்ளர் கம்பி மட்டும் இருந்தது.

அந்தக் கசப்பைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது. ஈரம் பட்ட கச்சானில் வளரும் ஒரு வகைப் பூஞ்சணம் அஃப்லடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரலில் புற்றுநோயை ஏற்படுத்தும் பொருட்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வைத்திருக்கும் நஞ்சு இது. 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் இது இருக்கிறது என்று நாடே கொதித்தது நினைவிருக்கும். வறுத்தாலும் பாகில் போட்டாலும் அது முழுதாக அழியாது. வெறும் கச்சான் என்றால் சுருங்கினதையும் நிறம் மாறினதையும் கண் பிடித்துவிடும், கசப்பை நாக்கு பிடித்துவிடும். சீனி பூசிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் பிந்தித்தான் தெரியும். ஆகவே, பாகு காய்ச்சுவதற்கு முன் கச்சானைச் சுளகில் பரப்பி ஒவ்வொன்றாகப் பொறுக்குவது செய்கிறவரின் முதல் கடமை. சொத்தைக் கச்சானைப் பாகுக்குள் ஒளித்து விற்பதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

இஞ்சி ஏன் கெடவில்லை? தோல் சீவி, வட்டமாக வெட்டி, மூன்று தண்ணீர் மாற்றி அவித்துக் காரத்தை இறக்கி, பிறகு மெல்லிய பாணியில் போட்டு, நாளுக்கு ஒரு தடவை பாணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார்கள். அவசரப்பட்டு முதல்நாளே கெட்டிப்பாணியில் போட்டால் துண்டுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே ஓடிவிடும், சீனி உள்ளே போகாது, இஞ்சி தோல்போலச் சுருங்கும். பொறுமையாகச் செய்தால் நாலைந்து நாளில் துண்டு கண்ணாடிபோலத் தெளியும். உள்ளே சீனி எடையில் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டினால்தான் பூஞ்சணமும் மதுவமும் அடங்கும். வீட்டில் அளக்கக் கருவி இல்லையென்றால் கம்பிப் பதமும் பொறுமையும்தான் கருவி. அரைகுறையாக இறக்கிய தோசி இரண்டு கிழமையில் நுரைத்துப் புளிக்கும்.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. களனி ஆறு கடலில் விழும் இடம் இது. காற்றிலேயே உப்பும் ஈரமும். சீனி அந்த ஈரத்தை இழுக்கும். தோசியோடு ஒரே பையில் கட்டிய வறுத்த கச்சானும் கஜுவும் தோசியிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் கலவைப் பையில் முதலில் கெடுவது பருப்புத்தான். தோசியைத் தனியாக, பருப்பைத் தனியாகக் கட்டி, பயணம் கிளம்புகிற அன்று கலந்துகொள்ளுங்கள். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் உகந்தை தாண்டிக் காட்டுக்குள் போனால் கடை கண்ணி கிடையாது. அங்கே கெட்டுப்போன பையை மாற்ற வழியில்லை.

பூசணித் தோசியை மொறுமொறுப்பாக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைக்கிறோம். அதற்கு வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும். சுவருக்குப் பூசுகிறது சமையலுக்கு வரக் கூடாது. ஊறின துண்டுகளைப் பல தண்ணீரில் அலச வேண்டும். சுண்ணாம்பு தெறித்தால் கண்ணையே கெடுக்கும், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். கச்சானுக்குக் காய்ச்சும் கெட்டிப்பாகு 150 பாகை செல்சியஸ்வரை ஏறும். கொதிநீரைப்போல வழிந்து ஓடாமல் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பட்டால் ஓடும் குழாய்த்தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மை, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம்.

நிறம் இன்னொரு கதை. 2024 பெப்ரவரியில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடைசெய்தன. ரோடமின் பி என்ற துணிச்சாயம் அதில் அகப்பட்டதுதான் காரணம். பளிச்சென்ற சிவப்பும் பச்சையுமாகத் தோசி கண்டால் என்ன நிறம் போட்டது என்று கேளுங்கள். நிறம் மங்காமலிருக்கப் போடும் சல்பைற் சேர்மானங்கள் (இ 220 முதல் 228 வரை) சில ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிழுப்பைக் கிளப்பும். கச்சான், கஜு, எள்ளு ஒவ்வாதவர்களுக்கு ஒரு துண்டே போதும். முகம் வீங்கி மூச்சு அடைத்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பணம் கேட்க மாட்டார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் கொடுக்கவே வேண்டாம். தொண்டையில் இறுகும்.

இனி உரிமை. "வீட்டில் செய்தது, எங்களுக்குச் சட்டம் எதற்கு?" என்பது பரவலான நம்பிக்கை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தொழிற்சாலை, வீடு என்று பார்ப்பதில்லை. கெட்டுப்போன, கலப்படமான, அசுத்தமான இடத்தில் தயாரித்த உணவைச் செய்கிறவரும் குற்றவாளி, விற்கிறவரும் குற்றவாளி. பொதி செய்து விற்கிறவர் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர நிறை, தயாரித்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி எண், தன் பெயர், முகவரி ஆகியவற்றைச் சுட்டியில் போட வேண்டும். உச்ச சில்லறை விலையும் வேண்டும். அதற்கு மேலே விற்பதும் குற்றம். ஸ்ரிக்கருக்குச் சில ரூபாதான் செலவு. ஒரு முறைப்பாடு வந்தால் எந்த நாள் செய்த பை என்று காட்டி மற்றச் சரக்கைக் காப்பாற்றுவது அந்தத் தொகுதி எண்தான். தொழிலாகச் செய்கிற அக்காமார் உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பீ.எச்.ஐ.) முதலே போய், இடத்தைப் பதிய வேண்டுமா என்று கேளுங்கள். பீ.எச்.ஐ. என்றாலே கதவைச் சாத்துகிற பழக்கம் நமக்கு. அவர் வருமுன் நாம் போனால் பேச்சே வேறு.

வாங்குகிறவருக்கு: கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது விற்கிறவரின் கடமை. பொருள் கெட்டிருந்தால் உங்கள் பகுதி பீ.எச்.ஐ.க்கு அறிவியுங்கள். மாதிரி எடுக்கவும் சரக்கைக் கைப்பற்றவும் அவருக்கு அதிகாரம் உண்டு. விலை, சுட்டி, தரம் பற்றியதென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அவர்களுக்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்ய, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். நான் மலையிலிருந்து இறங்கிவந்து, பார்ப்போம் பார்ப்போம் என்று அந்த மூன்று மாதத்தையும் கடத்திவிட்டேன். பையையும் வழியிலேயே குப்பைத்தொட்டியில் போட்டிருந்தேன்.

"சிங்களத்தில் எழுதத் தெரியாதே" என்று பின்வாங்குகிறவர்கள் நம்மில் அதிகம். நிருவாக மொழி சிங்களமாக உள்ள இடங்களிலும், அரச அலுவலரோடு தமிழில் எழுதவும் பேசவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆகவே தமிழிலேயே எழுதுங்கள். முறைப்பாட்டுக்குச் சான்றாக, கெட்ட பொருளின் மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், பையையும் பற்றுச்சீட்டையும் எறிந்துவிடாதீர்கள்.