கோபம் வந்தால் போனைக் கீழே வையுங்கள்



பீலிக்கரையில் சண்டை வராத தோட்டம் கிடையாது. காலையில் குடத்துக்காக ஏசிக்கொண்டவங்க, பொழுது சாய்ந்ததும் ஒருத்தர் வீட்டில் மற்றவர் தேத்தண்ணி குடிப்பாங்க. முகம் தெரியும், குரல் தெரியும். அதனால் கோபம் அத்தோடு தீரும்.

போனில் எழுதும் சொல்லுக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. விளையாட்டாக எழுதினாலும் மிரட்டல் போலத் தெரியும். நாம் அழித்தாலும், யாரோ படம் பிடித்து அனுப்பியிருப்பார்.

சிலாபத்தில் நடந்ததைப் பாருங்கள். முன்னேஸ்வரம் கோயிலுக்கும் தலவில திருவிழாவுக்கும் போகிறவங்களுக்கு அந்தக் கரை தெரியும். 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். நாடே பயத்தில் இருந்தது. மூன்று வாரம் கழித்து, மே 12ஆம் திகதி, சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் முகநூலில் எழுதிய ஒரு வரி பரவியது. ரொம்பச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பதுதான் அதன் கருத்து. எழுதியது ஆங்கிலத்தில். இன்னொரு தாக்குதல் வரப்போகிறது என்று வாசித்தவங்க எடுத்துக்கொண்டாங்க. என்ன அர்த்தத்தில் எழுதினாய் என்று பொறுமையாகக் கேட்கவில்லை. அவர் தாக்கப்பட்டார். கடைகளுக்கும் பள்ளிவாசலுக்கும் கல் விழுந்தது. ஊரடங்குச் சட்டம் வந்தது. மறுநாள் கலவரம் வேறு ஊர்களுக்கும் பரவி, புத்தளம் மாவட்டத்தில் ஒரு தச்சுத் தொழிலாளி கொல்லப்பட்டார். அந்த மனுசன் அந்த வரியை எழுதியவர் அல்ல.

கல்லெறிந்தவங்கதான் குற்றவாளிகள். ஆனாலும், சொல் எங்கே போய்ச் சேரும் என்று அனுப்பியவருக்கே தெரியாது என்பதை மறக்கக் கூடாது.

நம்ம லயத்திலும் இது உண்டு. சம்பளப் பிரச்சினை பற்றி வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் தன் சங்கத்தைப் புகழ்கிறார். "நீ காசு வாங்கிட்டுப் பேசுற" என்று இன்னொருத்தர் போடுகிறார். அப்புறம் தாய், தகப்பன், சாதி எல்லாம் வருகிறது. சம்பளப் பேச்சு காணாமல் போகிறது. "அண்ணே, நீங்க சொல்றதை நான் ஒத்துக்கல்ல. கொழுந்து கிலோக் கணக்கு கூடினதைப் பற்றி சங்கம் என்ன சொல்லுது?" என்று கேட்டால், அவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். எதிர்ப்பும் குறையவில்லை, மரியாதையும் போகவில்லை.

ஆகவே இவற்றை நினைவில் வையுங்கள்:

1. விசயத்தை மறுங்கள், ஆளை, குடும்பத்தை, சாதியை, மதத்தை இழுக்காதீங்க.

2. விளங்காவிட்டால், "என்ன சொல்ல வர்றீங்க?" என்று முதலில் கேளுங்கள்.

3. கோபத்தில் எழுதியதை உடனே அனுப்பாதீங்க. மலைக்குப் போய் வந்தபின் ஒருதரம் வாசியுங்கள்.

4. பக்கத்து லயத்து ஆள் என்றால் நேரில் போய்ப் பேசுங்கள். பலபேர் பார்க்க அவமானப்படுத்தினால், பிழை தெரிந்தாலும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டாங்க.

5. உங்கள் பிழை என்றால், எழுதிய இடத்திலேயே மன்னிப்புக் கேளுங்கள்.

6. அடுத்தவரைப் பற்றி வரும் படத்தை, உண்மை தெரியாமல் தள்ளிவிடாதீங்க.

கற்பிட்டிக்கு அப்பால் உள்ள உச்சமுனையில் வலை இழுக்கும் தம்பியும், நம்ம மலையில் கொழுந்து எடுக்கும் தங்கச்சியும் இன்று ஒரே வரியை வாசிக்கலாம். இருவரும் நம்மை நேரில் கண்டதில்லை. அவங்களுக்கு நாம் யார் என்று காட்டுவது நம்ம எழுத்து மட்டுமே. பீலிக்கரையில் முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிற சொல்லைப் போனிலும் எழுதாதிருப்போம்.